சூடாக இருந்த சைலன்ஸர்

இன்றைக்கும் சாலையோரத்தில் நின்றுபோன ஸ்கூட்டரை யாராவது விடாமல் உதைத்துக்கொண்டிருந்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும். போய் அந்தக் காலைத் தட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றும்.

எனக்கு அப்போது பத்து வயது. சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தெருவில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். அம்மா அடையாறில் மூன்று வீடுகளில் சமையல் செய்தாள். விடியலில் இரண்டு வீட்டை முடித்து, திரும்பி வந்து என்னைப் பள்ளியில் விட்டு, மறுபடி மூன்றாவது வீட்டுக்கு ஓடுவாள். பழைய ஸ்கூட்டர் ஒன்று இருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது.

வெள்ளம் வந்த அன்று அவள் மூன்றாவது வீட்டில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தாள். வண்டியைக் கேட்டுக்குப் பக்கத்தில் மேடான இடத்தில் நிறுத்தியிருந்தாள். அந்த வீட்டு சார் தன் காரை அங்கே ஏற்ற வேண்டும், ஸ்கூட்டரைப் பின்பக்கம் தள்ளிவிடு என்றார். பின்பக்கம் பள்ளம். அம்மா "சரி சார்" என்று தள்ளிக்கொண்டு போய் அங்கே நிறுத்தினாள். மதியத்துக்குள் தெருவில் தண்ணீர் புரண்டது. இடுப்பளவு நீரில் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். காரின் டயர்தான் நனைந்தது. ஸ்கூட்டர் சீட்டு வரை முங்கி மூன்று நாள் கிடந்தது.

நாலாம் நாள் தண்ணீர் வடிந்ததும் அம்மா என்னையும் அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய அண்ணன், என் மாமா, நந்தனத்தில் டூவீலர் மெக்கானிக். கடை முழுக்க நனைந்த வண்டிகள் என்பதால் பதினோரு மணிக்குத்தான் வர முடியும் என்றிருந்தார். போனில் அவர் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் கிக்கர் அடிக்கக் கூடாது. என்ஜினுக்குள்ள தண்ணி கீது. ஆயில வடிச்சு, பிளக்க கழட்டி, அத்த வெளிய எடுத்தாத்தான் வண்டி பொழைக்கும்."

அம்மா சாவியை என் கையில் வைத்தாள். "கேட்டேல்ல? யாரையும் தொட விடாத" என்று சொல்லிவிட்டுச் சமைக்க மேலே போனாள்.

கொஞ்ச நேரத்தில் சார் இறங்கி வந்தார். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "சாவி இருக்காம்மா?" என்றார். மாமா தொடக் கூடாது என்று சொன்னதைச் சொன்னேன்.

"மெக்கானிக் அப்படித்தான் சொல்லுவான். ஓட்டினாத்தான் தண்ணி காயும்" என்று கையை நீட்டினார். நீட்டிய கையில் சாவியை வைத்துவிட்டேன்.

இருபது, முப்பது முறை உதைத்திருப்பார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. திடீரென்று வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. வெள்ளைப் புகை கார் நிறுத்துமிடம் முழுக்கப் பரவியது. அவர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி முறுக்கி உறும வைத்து, "பாத்தியா?" என்றார். நான் கைதட்டினேன். சில நிமிஷம் ஓடியிருக்கும். பிறகு இரும்போடு இரும்பு உரசும் ஒரு கீச்சுச் சத்தம். வண்டி நின்றது. மறுபடி உதைத்தார், கிக்கர் இறங்கவில்லை. சாவியை என்னிடம் நீட்டிவிட்டு, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே மேலே போய்விட்டார்.

மாமா சீக்கிரமே வந்துவிட்டார். கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. ஆயில் நட்டைத் திருகியதும் தண்ணீர் கலந்த ஆயில் பால் ஊற்றிய டீ போல ஒழுகியது. வண்டிக்கு அடியில் கைவிட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அம்மாவைக் கீழே கூப்பிட்டார்.

"மூணு நாளா தண்ணில கெடந்த வண்டி. சைலன்ஸர் இன்னாத்துக்கு சுடுது?"

அம்மா தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணி இத்த ஒண்ணும் பண்ணல. ஒரு மணி நேரத்துல எழுப்பிருப்பேன். எவனோ ஸ்டார்ட் பண்ணி முறுக்கிக்கீறான். பிஸ்டன் புடிச்சுக்கினு நிக்குது. இனிமே இது ஓடாது." சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தரையில் வீசி அடித்தார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமா மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மட்டும் தொட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? அழுதுகொண்டே சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து மூன்று மாடி ஏற்றினாள்.

சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கேட்டதற்கு, "உதவிதானே பண்ணேன்? தண்ணில போன வண்டி, எப்படியும் ஓடியிருக்காது. உன் பொண்ணுதானே சாவி குடுத்தா?" என்றார்.

"ஆமா சார், குடுத்தா." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "நீங்க கை நீட்டுனா இல்லேன்னு சொல்லலாம்னு அவளுக்கு யாரும் சொல்லித் தரல. என்னைப் பாத்தே வளந்த பொண்ணு. வண்டிய பள்ளத்துல விடுன்னீங்க, நானும்தான் விட்டேன்."

சார் பேப்பரை மடித்தார்.

"அடுப்புல கொழம்பு கொதிக்குது, நீங்களே எறக்கிக்குங்க. இனிமே வர மாட்டேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. தன்னைப் போலவே வளர்ந்தவள், பெரியவர்கள் கேட்டால் மறுக்காதவள் என்று அவரிடம் என்னை மெச்சிப் பேசியதாகவே எடுத்துக்கொண்டேன். அந்த மகிழ்ச்சியில், வாசலைத் தாண்டும்போது திரும்பி, "போயிட்டு வரேன் சார்" என்று சிரித்தேன்.

அம்மா என் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒழுங்காக விடைபெற்றதற்கு இவளுக்கு ஏன் இத்தனை கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.