சங்ககிரிக் கோட்டையில் உடைத்த தேங்காய்

பழனிக்குக் காவடியோடு நடந்துபோகையில், சங்ககிரி மலையடியில் என் மாமனார் நின்றுவிட்டார்.

"மருமகன் முருகனைப் பாக்கப் போறமுங்க மாப்பிள்ளை. மாமன் பெருமாளு கோட்டை மேல இருக்காரு. பாக்காம போலாமுங்களா?"

பங்குனி வெயிலில் தேங்காய் மூட்டையைச் சுமந்தவன் நான். கோட்டைக்கோ வாசலுக்கு மேல் வாசல். ஒவ்வொன்றிலும் காவல் சாமி இருக்கும் என்று சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். மூட்டை இளைத்துக்கொண்டே வந்தது. நான் ஏன் தடுக்கப் போகிறேன்?

உச்சியில் பெருமாள் இருந்தார், தேங்காய் இல்லை. அர்ச்சகர் வெறுந்தட்டோடு எங்களைப் பார்த்தார். மாமனார் கொஞ்சமும் கூசாமல் பெருமாளிடமே முறையிட்டார்:

"இங்கயும் தாலுகா ஆபீசாட்டந்தானுங்க சாமி. உங்க வாசல் காவக்காரங்களே எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாங்க."