கடிகாரம் துப்பிய ஆள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை வாழ்த்திய ஒரே ஜீவன் செங்கொடி அக்காதான். மற்றவர்கள் கேட் விழுந்ததும் முதலில் ரயில்வேயை, அப்புறம் அரசாங்கத்தை, கடைசியில் முன்னால் நிற்கும் வண்டிக்காரனின் பரம்பரையைத் திட்டுவார்கள். கேட்டை ஒட்டி மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த வசவெல்லாம் மனப்பாடம்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. கூட்ஸ் யார்டில் ஹெல்பர். குனிந்து குனிந்து சக்கரமும் பிரேக்கும் பார்த்து, பார்த்து முடித்த வேகன் மீது சாக்பீஸால் அடையாளம் போடுகிற வேலை. ரயில்வேக்காரிக்கு இப்படியொரு பெயரா என்று கேட்டால், "யூனியன்காரன் நைனா வச்சது, நான் இன்னா பண்ண?" என்பாள்.

வியாசர்பாடி வீட்டில் தண்ணீர் பிடிப்பது, சமையல், மாமியாரின் மாத்திரை. யார்டில் எட்டு மணி நேரம். இரண்டுக்கும் நடுவில் கேட் மூடிக் கிடக்கும் பத்து நிமிடம் மட்டும் அவளை யாரும் எதுவும் கேட்க முடியாது. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, மோர் பாக்கெட்டைக் கடித்தபடி, மகளின் பழைய நோட்டில் பக்கத்துக்கு ஒரு படம் வரைவாள். கட்டைவிரலால் சரசரவென்று புரட்டினால் படம் நகரும். கத்தரிக்காய்க்குக் கால் முளைத்து பஸ் ஏறும். துறைமுகத்துக் கிரேன் குனிந்து கடலைக் குடித்துவிட்டு ஏப்பம் விடும். பதினோரு வருடமாக அதற்கெல்லாம் ரசிகர் மன்றம் நான் ஒருத்திதான்.

"நோட்டுக்குள்ளயே வச்சிருந்தா எலிதான்க்கா பார்க்கும்" என்று ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

அக்கா எதிரே ஓடிக்கொண்டிருந்த கூட்ஸையே பார்த்தாள். "ஜெஸ்லினு, அம்பத்தெட்டு வேகனு. ஒண்ணுக்கு ஒரு படம் போட்டா, இங்க நிக்கிற சனம் மொத்தம் பாக்குமில்ல?"

வேகன் கதவில் மீசை வரைந்ததற்கு ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் அரக்கோணத்துக்குத் தூக்கியடிப்பார்கள். மகளுக்கோ பிளஸ் டூ. எவ்வளவோ சொன்னேன், கேட்டால்தானே!

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஷிப்ட் முடிந்து வந்தாள். முழங்கை வரை சாக்பீஸ் வெள்ளை. வேகன்களில் வரைந்துவிட்டு வந்த கதையை என் காதில் சொன்னாள். ஒருத்தன் பாயில் படுத்துத் தூங்குகிறான். சங்கு ஊதுகிறது. சாப்பாட்டு கேரியரோடு கிளம்புகிறான். நடக்க நடக்கச் சிறுத்துக்கொண்டே போகிறான். கம்பெனி வாசலில் ஒரு கடிகாரம் வாயைத் திறந்து அவனை முழுங்குகிறது. உள்ளே அவன் கை மறைகிறது, கண் மறைகிறது. கடைசி வேகனில் அவன் இல்லை, ஒரு நட்டு மட்டும் கிடக்கிறது.

"பார்க்கிறவங்களுக்கு அழுகை வரும்க்கா."

"வரட்டுமே. எனக்கு தெனிக்கும் வருது."

கேட் விழுந்தது. கூட்ஸ் வந்தது. அக்கா என் கையைக் கெட்டியாகப் பிடித்தாள். ஆனால் யார்டில் எஞ்சினை எதிர்முனையில் மாட்டி, சுற்று லைனில் அனுப்பிவிட்டார்கள். முதல் வேகனில் வந்தது அந்த நட்டு.

"போச்சு ஜெஸ்லினு. தலகீயா வருது."

அவள் கண் கலங்கிவிட்டது. போதாக்குறைக்கு, கேட் கம்பியை ஒட்டி பைக்கில் நின்றிருந்தவர் சௌக்கத் அலி சார். யார்டு சூப்பர்வைசர், அந்த முதல் மெமோவை எழுதியவர்.

வண்டி மெதுவாக நகர்ந்தது. நட்டுக்குக் கண் வந்தது. கை முளைத்தது. மீன்பாடி வண்டி மண்ணாங்கட்டி அண்ணன் பாதி வசவில் வாயை நிறுத்தினார். "டேய், இன்னாடா இது... ஆளு வர்றான்டா!"

கடிகாரம் வாயைப் பிளந்தது. அவனைத் துப்பியது.

விசில் பறந்தது. அவன் கேரியரோடு பின்பக்கமாகவே நடந்தான். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சாண் வளர்ந்தான். கம்பெனிச் சுவர் அவன் இடுப்புக்கு வந்தது, அப்புறம் முழங்காலுக்கு. "வூட்டுக்குப் போறான் மாமு!" என்று யாரோ கத்த, ஸ்கூட்டர்க்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு சீட்டில் ஏறி நின்றார்கள். ரயிலுக்கு அந்தப்புறம் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, பாவம். கடைசியாக வந்த வேகனில், அதன் முழு நீளத்துக்கும் காலை நீட்டி, அவன் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கைதட்டல் அடங்கவில்லை. பின்னால் வந்த கார்டு தனக்குத்தான் என்று நினைத்துக் கும்பிடு போட்டார்.

கேட் தூக்கினார்கள். ஒரு வண்டியும் நகரவில்லை, ஒரு ஹாரனும் கேட்கவில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அலி சார் திரும்பினார். அக்காவின் கைகளைப் பார்த்தார். அவள் மறைக்கவில்லை.

"நான்தான் சார்."

"கடியாரம் துப்புச்சே, அது எப்பிடிம்மா தோணிச்சு உனக்கு?"

"பொய் சொல்ல மாட்டேன் சார். அது முழுங்குற மாரிதான் வரைஞ்சேன். எஞ்சினை அந்தாண்ட மாட்டிட்டாங்கோ."

சார் பைக்கை உதைத்தார். "நாளைக்கும் ஒரு காலி கூட்ஸ் கீது. அந்தாண்டயே மாட்டச் சொல்றேன்."