பேட்டரிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

எழுபது வயதை எட்டும்வரை நான் கடலைப் பார்த்ததில்லை. பார்க்காததால் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்றுதான் மலையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்.

என் மருமகள் மலைப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே கட்டில், ஃபேன், அடுப்பு, சின்னப் பெட்டி அளவுக்கு ஒரு ஃபிரிட்ஜ் என்று குடித்தனமே வைத்துவிட்டாள். என் மகனுக்கு வேனைப் பார்த்தாலே வாந்தி. ஆகவே காலாண்டுப் பரீட்சை லீவில் நாங்கள் இருவர் மட்டும் ராமேசுவரம் போவதென்று முடிவாயிற்று.

எனக்குச் சர்க்கரை. தினமும் இன்சுலின் போட வேண்டும். மருந்து வெயிலில் வெந்துபோகக் கூடாது. ஒருமுறை ஐஸ் பெட்டியில் வைத்து, அது உறைந்து கெட்டுப்போய், நான் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதனால் நான் ஃபிரிட்ஜை நம்பி இருந்தேன். ஃபிரிட்ஜ் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பேட்டரியை நம்பி இருந்தது. வண்டியைக் கிளப்புகிற பேட்டரி வேறு, அது முன்னால் இருக்கிறது. வண்டி நிற்கும்போது விளக்குக்கும் ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் சோறு போடுவது இந்தக் கட்டிலடிப் பேட்டரி. எஞ்சின் ஓடினால் இது தானாகச் சார்ஜ் ஏறிக்கொள்ளும்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மருமகள் சொன்னாள்.

“அத்தே, பேட்டரிக்கு ஒடம்பு எப்டி கீதுன்னு பாத்துட்டுத்தான் போவணும். சரியில்லன்னா கேன்சல்.”

“நேத்துகூட ஃபேன் நல்லாத்தானே சுத்துச்சு?”

“நீங்ககூடத்தான் பாக்க நல்லா கீறீங்க. ரத்தம் எடுத்துப் பாத்தா இன்னா வருது?”

சோதனையெல்லாம் எதற்கு என்று பேச்சை மாற்றப் பார்த்தேன். காரணம் இருக்கிறது.

அந்தப் பேட்டரிக்கு மேலே ஆறு மூடி. உள்ளே தண்ணீர் குறைந்தால் மூடியில் இருக்கும் குச்சி கீழே இறங்கிவிடும். அப்போது கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டரை ஊற்ற வேண்டும். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். “ஒண்ணுமே இருக்காது அத்தே. உப்பு, இரும்பு எல்லாத்தையும் எடுத்துட்ட தண்ணி” என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. சத்தையெல்லாம் உருவிய தண்ணீரைக் குடித்துவிட்டு எவன் உழைப்பான்? எங்கள் கொல்லைக்குக் கீழே இருக்கும் சுனைத் தண்ணீரை அடிவாரத்துப் போளூரிலிருந்து வருகிறவர்களே கேனில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மருமகள் மீட்டிங்குக்குப் போயிருந்த ஒரு நாளில் இரண்டு குச்சி இறங்கியிருந்ததைப் பார்த்தேன். அந்த இரண்டு ஓட்டையிலும் ஆளுக்கு ஒரு தம்ளர் சுனைத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மருமகள் பேட்டரிக்கு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, எல்லா ஒயரையும் கழற்றி, ஒரு ராத்திரி சும்மா விட்டாள். காலையில் மீட்டரை வைத்தாள். எழுத்து எனக்குத் தடவித்தான் வரும். எண் அப்படி இல்லை. பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேலே காட்டியது. அவ்வளவு இருந்தால் நிறைந்த பேட்டரியாம்.

“பாத்தியா!” என்றேன்.

“படுத்துக்கினு இருந்தா யாருக்கும் மூச்சு வாங்காது. வேல குடுத்துப் பாக்கலாம்.”

ஒயரை மாட்டினாள். ஒன்பது மணிக்கு ஃபிரிட்ஜையும் ஃபேனையும் போட்டாள். எஞ்சினைத் தொடவில்லை. நல்ல பேட்டரி என்றால் பொழுது சாயும்வரை தாங்குமாம். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து, மீட்டரையே பார்த்துக்கொண்டு, சாமைச் சோறு தின்றோம். எண் இறங்க இறங்க, மலையில் இருக்கிற சாமி ஒன்று விடாமல் வேண்டினேன். ஒன்றுக்கும் கரண்டு வேலை தெரியாது போலிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஃபிரிட்ஜ் முனகிவிட்டு நின்றது.

மருமகள் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தாள். அதன் தலையில் ரப்பர் உருண்டை, உள்ளே ஒரு மிதவை. பேட்டரியில் இருக்கும் ஆசிட் திடமாக இருந்தால் மிதவை மேலே நிற்குமாம். ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு உறிஞ்சினாள். நாலு ஓட்டையில் மிதவை நன்றாக மேலே நின்றது. இரண்டில் அடியில் போய் உட்கார்ந்தது.

“இந்த ரெண்டு மட்டும் இன்னாத்துக்கு இப்டி கீது? கடக்காரன் மட்டமான சரக்கக் குடுத்துட்டான்” என்று போனை எடுத்தாள்.

கடைக்காரன் திட்டு வாங்கினால் எனக்கென்ன. ஆனால் அவன், பேட்டரியை அனுப்புங்கள், பத்து நாளில் பார்த்துச் சொல்கிறேன் என்பான். லீவு முடிந்துவிடும்.

“போன வைடி. நான்தான் ஊத்துனேன். சுனைத் தண்ணி.”

“சுனைத் தண்ணியா!”

“சத்துன்னு ஊத்துனேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் வேன் ஆடியது. “வூட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் சொம்பு நீட்டுவீங்க, சரி. பேட்டரிக்குமா?” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கேன்சல்தான் அத்தே. காசு சேந்ததும் புதுசு வாங்கினு அடுத்த லீவுக்குப் போலாம்” என்றாள்.

“மூணு மணி நேரம் தாங்குச்சில்ல? ஓட்டுனா ஏறிக்கும்ல? எங்கயும் மூணு மணி நேரத்துக்கு மேல நிக்க வேணாம். ராத்திரிக்கு பிளக்கு கீற லாட்ஜாப் பாத்து நிறுத்து.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ரெண்டரை மணி. அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது.”

அப்படியே போனோம். ராமேசுவரத்தில் கோயில் வரிசை தெரு முனைவரை வந்திருந்தது. மருமகள் போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

“வரிசையே ரெண்டரை மணிக்கு மேல ஆவுமாம். சாமியா, கடலா?”

“சாமி நம்ம மலையிலயும் கீறாரு. வண்டிய கடலுக்கு வுடு.”

புடவையோடு தண்ணீரில் இடுப்பு நனைய உட்கார்ந்தேன். அலை வந்து என்னைத் தள்ளியது, நானும் அதைத் தள்ளினேன். கரையில் மருமகள் போனில் மணி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அத்தே, நிறுத்தி ரெண்டு மணி இருவது நிமிசம் ஆச்சு!”

நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கத்தினாள். அப்புறம் சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தால், அவள் வேனில் ஏறி எஞ்சினைப் போட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். டீசல் வீணாகிறது என்று ஜன்னல் வழியாக என்னைத் திட்டினாள். அலைச் சத்தத்தில் எனக்கு எங்கே காது கேட்டது.