நாக்பூர் வண்டியும் ரெஜினா அக்காவும்

வியாழக்கிழமை காலை சிதம்பரத்தில் எங்கள் கிளை அலுவலக வாசலில் நின்ற லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கடலூர் அலுவலக எண். அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், எடுத்ததும் "சொல்லுங்கக்கா" என்றுதான் பதினைந்து வருடமாக ஆரம்பித்திருக்கிறேன். ரெஜினா அக்கா உடம்பு முடியாமல் வேலையை விட்டு எட்டு மாதம் ஆன பிறகும் வாய் மாறவில்லை. அன்றும் அப்படியே சொன்னேன். மறுமுனையில், அக்காவோடு அதே ஆபீஸில் வேலை பார்த்த காசிலிங்கம்.

"அக்கா இல்ல சார்" என்றார்.

வழக்கமாக அதைச் சொல்லிவிட்டு உடனே வேலை விஷயத்துக்கு வந்துவிடுவார். அன்று வரவில்லை. மறுபடியும், "அக்கா இல்ல சார். விடியக்கால போயிட்டாங்க" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ரெஜினா அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் முகம் தெரிந்தவர்கள் குறைவு. கடலூர் முதுநகரில் எங்கள் லாரி சர்வீஸின் புக்கிங் ஆபீஸில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து, கடலூருக்கும் நாக்பூருக்கும் இடையே ஓடிய வண்டிகளைப் போனிலேயே நடத்தியவர் அவர். இங்கிருந்து புவனகிரி சேலையும் பண்ருட்டி முந்திரியும் போகும். அங்கிருந்து ஆரஞ்சு வரும். நடுவில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ரோடு. அந்த ரோட்டில் சென்னையைத் தாண்டி அவர் ஒரு நாளும் போனதில்லை. ஆனால் எந்த வளைவில் சிக்னல் கிடைக்காது, எந்த பங்க்கில் குளிக்கத் தண்ணீர் விடுவார்கள், ஓங்கோல் தாண்டி எந்தக் கடையில் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஆகாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. தெலுங்கும் இந்தியும் அவர் பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வரும். இலக்கணம் இருக்காது. ஆனால் பஞ்சர் கடைக்காரர்கள், டீக்கடைக்காரர்கள் எல்லாரும் அந்தக் குரலுக்குப் பதில் சொல்வார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு வருடம் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் சந்தர்ப்பம் வரவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது பேசுவோம். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்னா சிதம்பரம், லோடு ஏறிடுச்சா?" என்பார். கோபம் வந்தால் மட்டும் அது "சிதம்பரம் சார்" ஆகிவிடும்.

வண்டிகளில் ஜி.பி.எஸ். கருவி வந்த புதிதில் முதலாளி அவர் மேசையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, இனிமேல் டிரைவர்களுக்கு இத்தனை போன் வேண்டாம், வண்டி எங்கே இருக்கிறது என்று இதிலேயே தெரியும் என்றார். அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "புள்ளி ஓடுது, சரி. உள்ள ஒக்காந்திருக்கற ஆளு எப்டி இருக்காருன்னு புள்ளி சொல்லுமா?" போன் நிற்கவில்லை. அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடுப்பார். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். பின்னால் என்ஜின் சத்தம் கேட்டால் பேசாமல் வைத்துவிடுவார்.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவர் போன பிறகு இதை எழுதாமல் அவரைப் பற்றி எழுதினால் அது பாதிதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். காசிலிங்கம் அப்போது நாக்பூர் வண்டியின் டிரைவர். நீண்ட தூர வண்டிக்கு இரண்டு டிரைவர் போக வேண்டும். அன்று இரண்டாவது ஆள், வீட்டில் கல்யாணம் என்று வரவில்லை. சேலை மூட்டைகள் ஏறிவிட்டன. வியாபாரி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். முதலாளியும் அனுப்பச் சொல்லிவிட்டார். தார்ப்பாய் கட்டி முடித்துவிட்டு வந்த காசிலிங்கம் என்னிடம், "சார், நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கிறாப்புல இருக்கு. வாயுவா இருக்கும்" என்றார். நான் எதிர்க் கடையிலிருந்து ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். "இப்ப பரவால்ல" என்றார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. வண்டியை அனுப்பினேன். அக்காவிடம் இரண்டாவது டிரைவர் வரவில்லை என்பதைச் சொன்னேன். நெஞ்சடைப்பைச் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைக் கடலூரிலேயே நிறுத்திவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, நண்பகல். வண்டி அடிலாபாத்துக்கு இந்தப் பக்கம் எங்கோ நின்றிருந்தது. அக்காவின் மிஸ்டு காலுக்குக் காசிலிங்கம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்.

"சாப்டீங்களா?"

"சாப்டேங்க்கா."

"என்னா சாப்டீங்க?"

"மீன் கொழம்பு."

அந்தப் பக்கத்தில் அவர் எப்போதும் சாப்பிடுவது ரொட்டியும் பருப்பும்தான். "அங்க ஏதுங்க மீன் கொழம்பு?" என்று அக்கா கேட்டிருக்கிறார். மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து இழுத்து, நடுவில் அறுந்து.

"சாவிய எடுத்துடுங்க" என்றார் அக்கா. "எடுத்துட்டீங்களா? கீழ எறங்க வேணாம். கதவ மட்டும் தொறந்து வச்சுட்டு சாஞ்சு ஒக்காருங்க. போன வைக்காதீங்க. நான் பேசிட்டே இருக்கன்."

ஒரு காதில் காசிலிங்கம். இன்னொரு போனில் திரையைப் பார்த்து இடத்தைச் சொல்லி அக்கம்பக்கத்துக் கடைகளை அழைத்தார். முதல் இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்றாவதாக சத்தையா என்று ஒரு டயர் கடைக்காரர். நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் வண்டிக்கு ஒரு தடவை டயர் மாற்றிக் கொடுத்தவர், அவ்வளவுதான் பழக்கம். அக்காவின் தெலுங்கில் அவருக்குப் புரிந்தது 'டிரைவர்', 'நெஞ்சு', 'சீக்கிரம்' என்ற மூன்று வார்த்தைகளாம். கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு பைக்கில் போனார். வழியில் ஒரு ஷேர் ஆட்டோவை மறித்துக் கூட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரத்தில் காசிலிங்கம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாரடைப்பு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம்.

அதுவரை எனக்கு எதுவும் தெரியாது. சாயங்காலம் அக்கா கூப்பிட்டுச் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு நான் சொன்னேன்: "அக்கா, கெளம்பறப்பவே அவர் எங்கிட்ட நெஞ்சடைக்குதுன்னு சொன்னாரு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும்.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது, சிதம்பரம் சார்?" என்றார். "அவுரு பொழச்சு வூட்டுக்கு வரட்டும். அவுருகிட்டயே போயி சொல்லுங்க." போனை வைத்துவிட்டார்.

மறந்துவிடுவார் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டார். "காசிலிங்கம் வூட்டுக்கு வந்துட்டாரு. பத்து மணிக்கு மேல்பட்டாம்பாக்கம் ஸ்டாப்புல நிக்கிறன். வாங்க."

கடலூரில் பஸ் மாறி நெல்லிக்குப்பம் வழியாக அங்கே போய் இறங்கினேன். நிழற்குடையில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். யார் என்று தெரியவில்லை. குள்ளமாக, சாயம் போன பச்சைச் சேலையில், கையில் ஆப்பிள் பையோடு நின்ற ஒருவர் கரும்பு டிராக்டர்காரரிடம் "ஏம்பா, ஸ்டாப்புலயா நிறுத்துவ, பஸ்ஸு எங்க நிக்கும்?" என்று கேட்டார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. ஆறு வருடம் பேசிய ஆளை நான் முதல்முதலாகப் பார்த்தது அங்கேதான். அவர் என்னைப் பார்த்து, "நீங்க ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். காசிலிங்கத்தின் வீட்டு வாசல் வரை கூட வந்தார். ஆப்பிள் பையை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க பேசிட்டு வாங்க. அப்பறம் நான் வரன்" என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

உள்ளே காசிலிங்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். அவர் மனைவி அஞ்சலை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். நீங்கள் சொன்னீர்கள், நான் கேட்டேன், கேட்டும் அனுப்பினேன், தப்பு என்னுடையது.

காசிலிங்கம் கையை ஆட்டினார். "அட, நீங்க போவாதன்னு சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பன் சார். வுடுங்க."

அஞ்சலை விடவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அவுரு போயிருப்பாரு. எனக்கு ஒரு போனு பண்ணியிருந்தீங்கன்னா நான் போவ வுட்டிருக்க மாட்டன்."

ஆப்பிள் பையைக் கட்டில் ஓரமாக வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே வந்ததும் அக்கா என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவர் உள்ளே போய் அஞ்சலையோடு வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது மட்டும், "அந்தம்மா சொன்னது சரி. அத வச்சுக்குங்க" என்றார். வச்சுக்குங்க என்றால் என்ன என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

காசிலிங்கம் இனி நீண்ட தூரம் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டாத டிரைவரால் என்ன பயன் என்று முதலாளி கேட்டதில் ஆச்சரியமில்லை. அக்கா வாதாடவில்லை. அவரைத் தன் மேசைக்கு எதிரே உட்கார வைத்து, பாதிப் போன்களை அவர் பக்கம் தள்ளினார். ரோட்டில் நிற்கிற டிரைவர், அதே ரோட்டில் விழுந்து எழுந்தவரிடம் பொய் சொல்ல முடியாது. மூன்று மாதம் பார்த்த முதலாளி தாமாகவே அவரை வேலையில் வைத்துக்கொண்டார். இந்த ஒன்பது வருடத்தில் எங்கள் வண்டியில் போன எந்த டிரைவரும் வீடு திரும்பாமல் இருந்ததில்லை.

அக்கா எப்போதும் சரியாகவே முடிவெடுத்தார் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஒரு ஐப்பசி மழையில், கடலூர் ரோடெல்லாம் வெள்ளம் என்று பயந்து, ஆரஞ்சு ஏற்றி வந்த வண்டியைத் திண்டிவனத்திலேயே இரண்டு நாள் நிறுத்தி வைத்தார். ரோடு திறந்தேதான் இருந்தது. மற்ற வண்டிகள் எல்லாம் வந்துவிட்டன. எங்கள் ஆரஞ்சு பாதி அழுகிப் போய் வந்து சேர்ந்தது. வியாபாரி ஆபீஸிலேயே வந்து நின்று கத்தினார். அக்கா எழுந்து நின்று கேட்டார். "தப்பு என்னுதுதாங்க. நான் ஜாஸ்தி பயந்துட்டன்" என்றார். மழை என்றோ, தகவல் தவறு என்றோ ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. பிறகு என்னிடம் போனில், "அடுத்த மழையிலயும் நிறுத்துவன். ஆனா ரெண்டு பேரக் கேட்டுட்டு நிறுத்துவன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை அவரை அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே ரோட்டோரம் லாரிகள் வரிசையாக நின்றன. பெட்டியின் மேல் வைத்திருந்த புகைப்படத்தைப் பார்த்துவிட்டு விழுப்புரத்து டிரைவர் ஒருவர் என்னிடம், "இவுங்கதானா சார்?" என்று மெல்லக் கேட்டார். பன்னிரண்டு வருடம் அந்தக் குரலுக்கு வண்டியை ஓரங்கட்டியவர். அஞ்சலை வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றார். மண் போடும்போது என் கையில் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தார்.

போன திங்கட்கிழமை, நாக்பூர் வண்டிக்கு லோடு ஏற்றி முடித்த நேரம். டிரைவருக்குக் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. பிள்ளைக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி கண் மூடவில்லை என்றார். "ஓட்டிடுவன் சார், பழக்கந்தான்" என்றார். நான் அவர் வீட்டுக்குப் போன் போட்டு அவர் மனைவியிடம் பேசினேன். பிறகு வியாபாரியைக் கூப்பிட்டேன். "இன்னிக்கு வண்டி போவாது" என்றேன். அவர் கத்தினார். கத்தி முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. இப்போது வருகிறது. ரெஜினா அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான், இதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த டிரைவர் வீட்டுக்குப் போய்த் தூங்கினார். வண்டி மறுநாள் மத்தியானம் கிளம்பியது.