கப்பல் ஏறாத பந்து

"முப்பத்தொண்ணு. ஒரு கிராம் கூட இருக்கு" என்று தராசுத் தட்டிலிருந்து மஞ்சள் கம்பளிப் பந்தை எடுக்கிறாள் சுப்புத்தாய். சின்னக் கத்தரியால் அதன் மேல்நூலைச் சுற்றிலும் நறுக்கிவிட்டு மறுபடி தட்டில் வைக்கிறாள். பட்டறையில் குனிந்து ஊதிக்கொண்டிருக்கும் ஆசாரி தலை நிமிராமலே, "பவுன் நிறுக்க தராசுல ரோமத்த நிறுக்கது ஒலகத்துலயே நீ ஒருத்திதாம்ட்டி" என்கிறார்.

"பவுனு கூடக் கொறைய இருந்தா ஒங்களுக்குத்தான் தெரியும் அண்ணாச்சி. பந்து கூடக் கொறைய இருந்தா எங்கைக்குத் தெரியும்."

பூப்பந்து இருபத்தேழு கிராமுக்குக் குறையக் கூடாது. முப்பதைத் தாண்டக் கூடாது. அது விதி. புதிதாக வாங்கும் ஒவ்வொரு பந்தும் இந்தத் தராசு ஏறி இறங்கிய பிறகுதான் ஆட்டத்துக்கு வரும்.

சுப்புத்தாய் என் தங்கை, எனக்கு ஏழு வயது இளையவள். விசைத்தறிக் கூடத்தில் காலை எட்டு மணி முதல் தார் சுற்றுகிறாள். தறிக்குள் ஓடும் சின்னக் குழல்களில் நூல் ஏற்றுகிற வேலை. அதற்கு முன், ஆறு மணி முதல் ஏழரை வரை, ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள பொட்டலில் ஆடுகிறாள். எண்பதடி நீளம், நாற்பதடி அகலம், நடுவே ஆறடி உயரத்தில் வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். சுண்ணாம்புக் கோடு அவளே போடுவாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, மேலே ஒரு ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொள்வாள். மட்டையின் நரம்பைக் காதோரம் வைத்துச் சுண்டிப் பார்ப்பாள். சத்தம் பிடிக்காவிட்டால் அன்றைக்கு அந்த மட்டையைத் தொட மாட்டாள். தோற்ற நாளில் தலையில் பூ வைக்க மாட்டாள். பூ மார்க்கெட் உள்ள ஊரில் இதை எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள்.

ஆனால் பூப்பந்து என்றால் என்ன என்பது பாதி ஊருக்கு இன்னும் தெரியாது. மார்க்கெட்டில் பூத்தொடுக்கும் ஆமினாள் ஒரு நாள், "எதுல ஏட்டி கட்டுவீய, பிச்சியிலயா கேந்தியிலயா?" என்று கேட்டாள். "கேந்தி மதினி. மஞ்சளா இருக்கும்லா" என்று இவள் சிரிக்காமல் சொல்லிவிட்டு வந்தாள். மாநில அணியில் ஒரு தடவை, மாவட்ட அணியில் ஆறு தடவை ஆடியவள். பதினொரு சான்றிதழ்கள் வைத்திருக்கிறாள்.

அவளுக்கு ஆத்திரம் வருகிற இடம் சுலைமான் பாயின் ரேடியோ ரிப்பேர் கடை. எண்பத்து மூன்றில் நாம் கிரிக்கெட்டில் கோப்பை வாங்கியதிலிருந்து அந்தக் கடை வாசலைத் தாண்டி நடக்க முடியவில்லை. ரேடியோவில் வர்ணனை கேட்க அவ்வளவு கூட்டம். பாய் நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஒன் ஆட்டத்த எத்தன தேசத்துல ஆடுதாங்க தாயி?"

"நம்ம தேசத்துல மட்டுந்தான். இந்தக் கிரிக்கெட்ட எத்தன தேசத்துல ஆடுதாங்க?"

"ஒலகம் பூரா."

"எண்ணுங்க பாய்."

பாய் விரலை மடக்கினார். டெஸ்ட் ஆடுகிறவர்கள் ஏழுக்கு மேல் போகவில்லை.

"இந்த ஏழுல வெள்ளக்காரன் கொடி பறக்காத எடம் ஒண்ணு சொல்லுங்க."

"அவன் அமெரிக்காவுலயுந்தான் இருந்தான். அங்கன ஏன் ஆடல?" என்று பாய் மடக்கிவிட்டார். கூட்டம் சிரித்தது. இவள் திரும்பி வந்துவிட்டாள். மூன்று நாள் தார் சுற்றுகிற போதெல்லாம் அதே யோசனை. நாலாம் நாள் நேரே கடைக்குப் போனாள்.

"அமெரிக்காக்காரங்க வெள்ளக்காரன வெரட்டும்போது அவன் மட்டையயும் சேத்து வெரட்டிட்டாங்க பாய். நாம அவன அனுப்பிட்டு மட்டைய வாங்கி வச்சுக்கிட்டோம். ஒரு வருசம் ரேடியோவுல எங்க ஆட்டத்தச் சொல்லச் சொல்லுங்க. அப்புறம் பயலுவ எத ஆடுதானுவன்னு பாப்போம்."

நான் எட்டாவது வரைதான் படித்திருக்கிறேன். ஆனாலும் அவள் சொல்வதில் பிசகு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் வைத்திருக்கும் பழைய விதிப் புத்தகத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். கம்பளிப் பந்து தஞ்சாவூர் அரண்மனையில் ஆடிய ஆட்டமாம். காற்றடித்தாலும் திசை மாறாது. கூரையும் வேண்டாம், சுவரும் வேண்டாம், பொட்டல் போதும். ஷட்டில் என்கிற இறகுப் பந்தும் இங்கே ஆடியதுதான். அதை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுபோய், பெயர் சூட்டி, சங்கம் வைத்து, உலக ஆட்டமாக்கித் திருப்பி அனுப்பினான். கம்பளிப் பந்து கப்பல் ஏறவில்லை, அதனால் அது ஊர் ஆட்டமாகவே நின்றுவிட்டது. ஆட்டத்தின் தகுதியை ஆட்டத்தில் பார்க்க வேண்டுமா, அது பயணம் போன தூரத்திலா? இதில் கொடுமை, இரண்டுக்கும் தமிழில் பூப்பந்து என்றே எழுதுகிறார்கள்.

அந்த ஒரு சொல்தான் சென்ற ஆடியில் எங்களை அலைக்கழித்தது. அதன் முடிவு இன்னும் தபாலில் வரவில்லை. ஓர் அரசு அலுவலகத்திலிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலைக்கு அழைப்பு வந்தது: பூப்பந்து வீராங்கனை தேர்வு. புரட்டாசியோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இது போனால் வாழ்நாள் முழுக்கத் தார்தான். நானும் உடன் போனேன்.

பாளையங்கோட்டையில் ஜன்னலெல்லாம் சாத்திய ஒரு மண்டபம். ஒருவர் இவள் கையில் மெல்லிய மட்டையையும் இறகுப் பந்தையும் கொடுத்தார். இவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார், கோழிறகு மாரி இருக்கு" என்றாள். கம்பளிப் பந்தை அடிக்கிற அடியை அடித்தாள். அது பாதி வழியில் நின்று செத்து விழுந்தது. எதிரே நின்ற பெண் மெதுவாகத் தட்டித் தட்டியே பதினொன்றுக்கு இரண்டில் முடித்துவிட்டாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. சான்றிதழ்களைப் பொறுமையாகப் புரட்டினார். "கை வேகம் நல்லா இருக்கும்மா. ஆறு மாசத்துல பழகிரும். விண்ணப்பப் பாரத்துல ஷட்டில்னு டிக் போட்டுக் குடுங்க. சான்றிதழ்லயும் பூப்பந்துன்னுதான இருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு நான் எழுதிக்கிடுதேன்."

பாரத்தில் பதினாறு ஆட்டங்கள் அச்சாகியிருந்தன. பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஐஸ் ஹாக்கி இருந்தது. எங்கள் ஜில்லாவில் ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். கம்பளிப் பந்து இல்லை.

"ரெண்டும் ஒண்ணில்ல சார்" என்றாள் சுப்புத்தாய்.

"அது எனக்குந் தெரியும். வெளிநாட்டுல எங்கயும் ஆடாத ஆட்டம், பட்டியல்ல ஏறாதும்மா."

ஆட்டத்துக்காக நான் எவ்வளவு பேசியிருந்தாலும், அந்த நேரம் அவள் காதில், "டிக்கப் போட்ரு ஏட்டி. யாருக்குத் தெரியப் போவுது" என்றேன்.

"எனக்குத் தெரியுமே யக்கா" என்றாள்.

பிறகு அதிகாரியைப் பார்த்து, "அந்த ஸ்கேலக் கொஞ்சம் குடுங்க சார்" என்றாள். அவர் ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். பதினாறுக்குக் கீழே அவள் ஒரு கோடு இழுத்ததும்தான் அவருக்கு விளங்கியது.

"இத மேல அனுப்புனா தள்ளிருவாங்கம்மா."

"தள்ளட்டும் சார். தள்ளுததுக்கு முன்னால ஒரு தடவ வாசிக்கணும்லா."

பதினேழு என்று எண் போட்டாள். பூப்பந்து என்று எழுதி, அதன் பக்கத்தில், கம்பளி என்று சேர்த்தாள். மேலே உள்ள கட்டத்தை ஸ்கேலால் அளந்து, அதே நீளம் அதே அகலத்தில் நாலு கோடு போட்டு ஒரு கட்டம் வரைந்தாள். அதற்குள் டிக் போட்டு, மை காய்கிற வரை பாரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் மேசை முன்னால் நின்றாள்.