ஏற்றத்தில் படுத்துவிட்ட லேப்டாப்

போன வருடம் மிளகு பறிப்பு முடிந்த கையோடு, நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நடந்தது இது. நான் கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தைச் சேர்ந்தவன். அன்னாசி, மரவள்ளிக்கிழங்கு, மிளகு என்று எது கிடைத்தாலும் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவதுதான் பிழைப்பு. என் தங்கை படித்தது கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் காடு, மலை, வீடெல்லாம் செய்து தருகிற படிப்பு. அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவள் சேர்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று அவளை ஒரு காடு செய்து அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்துப்போனால் வீட்டில் இருந்தபடியே வேலை. அந்த வாரக் கடைசிக்குள் அனுப்பியாக வேண்டும். அவளுடைய பழைய லேப்டாப்போ நாலு மரம் வைத்ததுமே உறைந்து நின்றுவிடும். கேமிங் லேப்டாப்தான் தாங்கும் என்றாள். மிளகு விற்ற காசில் ஒன்றுதான் வாங்க முடியும். அது தப்பாகிப்போனால் அடுத்த பறிப்பு வரை பொறுக்க வேண்டும், அதுவரை அந்த வேலை காத்திருக்காது.

அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று நல்ல வேகம், ஆனால் உடம்பு முழுக்க பிளாஸ்டிக், மூடியைத் திறந்தால் லேசாக ஆடியது. இன்னொன்று அலுமினிய உடம்பு, கையில் எடுத்தாலே உறுதி தெரிந்தது. ஆனால் வேகம் மட்டு, விலையும் கூடுதல். இரண்டும் சேர்ந்த மாதிரி வேண்டும் என்றால் அதன் விலை எங்களுக்கு எட்டாது. விற்பனையாளர் கிராபிக்ஸ் கார்டு, மெமரி என்று அடுக்கிக்கொண்டே போனார். நானும் புரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்கினால் சமதளத்தில் ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுக்க மாட்டோம். லோடு ஏற்றி, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் மேலே ஏற்றிப் பார்ப்போம். இழுக்கிற வண்டியா, திணறுகிற வண்டியா என்பது அங்கே தெரிந்துவிடும். லேப்டாப்பை எந்த மலையில் ஏற்றுவது? எங்கள் ஊரில் காற்றடித்தால் கரண்ட் போகும், இதற்கு அதுதான் ஏற்றம் என்று எனக்குத் தோன்றியது. வேகமான லேப்டாப்பில் ஒரு கார் பந்தயத்தை ஓடவிடச் சொல்லி, பாதியில் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

அதுவரை பறந்த கார் திக்கித் திக்கி நகர்ந்தது.

"பாத்தீங்களா, ஏத்தத்துல படுத்துருச்சு" என்றேன். பெரிய மோசடியைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. சரி, அலுமினியம்தான் என்று முடிவு செய்து அதன் வயரையும் பிடுங்கினேன். அதுவும் படுத்தது. நண்பர்களுக்குப் போன் போட்டால், வேகம்தான் முக்கியம் என்று ஒருவன், பிளாஸ்டிக் மூடியின் கீல் சீக்கிரம் உடையும் என்று ஒருவன், ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். வாங்காமலே ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்தார். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவராம். மூடியின் கீல் உடைந்த தன் லேப்டாப்பை ரிப்பேர் முடிந்து வாங்கிப்போக வந்திருந்தார்.

"ஏனுங்க, இந்த மாதிரி லேப்டாப் எதுவா இருந்தாலும் வயரப் புடுங்குனா அப்படித்தானுங்க. பேட்டரியில முழு வேகம் வராதுங்க" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டுத் தங்கையிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க அம்மிணி. இதத் தூக்கிட்டு அலைவீங்களா, ஊட்டுலயே வச்சு வேல செய்வீங்களா?"

"ஊட்டுலதானுங்க. மேசைய விட்டு நகராதுங்க."

"அப்பறம் எதுக்குங்க கீலுக்குப் பயப்படறீங்க? நான் தெனமும் பைக்ல கொண்டுபோயி ஒடச்சேன்."

அதோடு விடவில்லை. அவருடையதும் அந்த வேகமான ரகம்தான். அங்கேயே வயரைச் சொருகி, "ஒங்க வேலையப் போட்டுப் பாருங்க" என்று அவளிடம் நீட்டினார். முன்பின் தெரியாதவர்களிடம் பிழைப்புச் சாமானைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அவளுக்கு வேண்டிய மென்பொருளை அதில் இறக்கவே மதியமாகிவிட்டது. அவர் முகம் சுளிக்காமல் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென் டிரைவில் இருந்த காட்டைத் தங்கை திறந்தாள். உள்ளே இருந்த விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. ஆனால் அவள் மரத்துக்கு மேல் மரம் வைக்க வைக்க, இலைகள் நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தன. அவள் கண் கலங்கிவிட்டது.

"இதே போதுங்ண்ணா. மிச்சமாகற காசுல ஊட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கிக்கலாம். கரண்ட் போனாலும் வேகம் கொறையாது" என்றாள்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்கண்ணா கேட்டீங்க?"

அவள் சொன்னபடியே வாங்கினோம். அந்த வாரமே காட்டை முடித்து அனுப்பினாள், வேலையும் கிடைத்தது. வேகமா, உறுதியா, விலையா, எது முதலில் என்று இன்றைக்கு யாராவது கேட்டாலும் நான் விழிக்கத்தான் செய்வேன். ஆனால் ஊரையெல்லாம் கேட்ட நான் பக்கத்தில் நின்ற தங்கையைக் கேட்கவில்லை, யாரென்றே தெரியாத ஒருவர் கேட்டார் என்பதை நினைக்கும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவரைத் தேடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருக்கிறது.