பத்து மில்லி மிச்சம்

ஜனவரி 31: கொடுத்த மருந்து பாட்டில் 41, திரும்பிய காலி பாட்டில் 41.
பிப்ரவரி 28: கொடுத்தது 36, திரும்பியது 36.
மார்ச் 31: கொடுத்தது 41, திரும்பியது 41.
ஏப்ரல் 11: அதே குழந்தை, அதே வலது காது, மூன்றாம் முறை.

குழந்தைகள் பிரிவு நர்ஸுக்குப் 'பாட்டிலக்கா' என்ற பெயர் சும்மா வரவில்லை. காதில் சீழ் வடியும் குழந்தைக்கு ஏழு நாள் மருந்து கொடுத்தால், காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே வீட்டில் நிறுத்திவிடுவார்கள். பதினாறு வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்: எட்டாம் நாள் காலி பாட்டிலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதன் பிறகு ஒரு பாட்டில்கூடத் தவறவில்லை. ஜன்னலோரத் தட்டில், பெயர்ச்சீட்டோடு, பளபளவென்று வரிசையாக நின்றன. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி காலை, ஒரு காவலாளி மகனோடு வந்து, மருந்து பாட்டிலை நீட்டியபடி தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். ஒரு வேளைகூட விடலை. ஆனாலும் கொஞ்சம் மிஞ்சிப்போச்சு."

"மிஞ்சியிருக்குன்னா எங்கேயோ விட்டிருக்கீங்கன்னு அர்த்தம்."

மருந்து கொடுப்பவர் தன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "பாட்டிலக்கா, பாவம் அவரை விடுங்க. பாட்டில் எண்பது மில்லி. அஞ்சு அஞ்சா பதினாலு வேளைக்கு எழுபது. பத்து மில்லி மிஞ்சியே ஆகணும். இத்தனை நாள்ல ஒழுங்கா கொடுத்தது இவர் ஒருத்தர்தான் போல!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பாட்டிலிலும் ஒரு சொட்டு இல்லை.

அடுத்து வந்தவள் தையல்காரி. இடுப்பில் மூன்று வயது மகள், வலது காதில் மறுபடியும் சீழ். ஓயாமல் பேசும் அந்தக் குழந்தை எல்லோருக்கும் குருவி. பாட்டிலக்கா அவளுடைய இடது காதைப் பொத்திக்கொண்டு மெல்லக் கூப்பிட்டபோது குருவி திரும்பவில்லை.

பாட்டிலக்கா தட்டிலிருந்து குருவியின் பாட்டிலை எடுத்து முகர்ந்தாள். சோப்பு வாசனை.

"இதுல எவ்வளவு பிள்ளை வயித்துக்குப் போச்சு, எவ்வளவு தொட்டிக்குப் போச்சு?"

"பாதிக்கு மேல தொட்டிக்குத்தான் சிஸ்டர். போன ரெண்டு தடவையும் மூணாம் நாளே காய்ச்சல் விட்டிருச்சு. துள்ளி விளையாடினா. மருந்து கொடுத்தா வயித்தால வேற போகுது. நீங்க காலி பாட்டில்தானே கேட்டீங்க? வெறுங்கையோட வந்தா திட்டுவீங்களேன்னு நல்லா கழுவித்தான் கொண்டுவந்தேன்."

திட்ட வாயெடுத்த பாட்டிலக்கா பாட்டிலை மேசையில் வைத்தாள். காலியாகக் கேட்டது அவள்தான்.

செவிப்பறையில் ஓட்டை, மூடாவிட்டால் அந்தக் காது மந்தமாகவே இருந்துவிடும் என்று டாக்டர் காது மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார். அதன் அடியில் பாட்டிலக்கா சேர்த்தாள்: 'முந்தைய இரண்டு முறையும் மருந்து மூன்றாம் நாளோடு நின்றது. முழுதும் கொடுத்ததாக எங்கள் பதிவேடு சொல்வது தவறு.' அன்று மதியமே பதிவேட்டில் மூன்று மாதக் காலி பாட்டில்களுக்கு எதிரே எழுதியிருந்த நூற்றுப் பதினெட்டு 'முடிந்தது'களையும் சிவப்பு மையால் அடித்து, 'தெரியாது' என்று எழுதினாள்.

தலைமை நர்ஸ் பதறினார். "மேலே கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"தெரியாதுன்னே சொல்லுங்க."

பிறகு தையல்காரியை உட்காரவைத்தாள். சுத்தமான பருத்தித் துணியைத் திரியாகத் திரித்துக் காதில் மெல்ல வைக்க வேண்டும். நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதுத் திரி. திரி காய்ந்தபடியே வரும்வரை இப்படி. தினம் மூன்று முறை. காதில் தண்ணீர் படவே கூடாது. மருந்து ஏழு நாளும். வயிற்றுப்போக்கு அதிகமானால் நிறுத்தாமல் இங்கே தூக்கி வர வேண்டும்.

"ஊசிக் காதையே பார்த்தவ நான். இந்தக் காதைப் பார்க்க மாட்டேனா?" என்றாள் தையல்காரி. அவள் திரித்த முதல் திரியே நர்ஸ் திரித்ததைவிட நேர்த்தியாக இருந்தது.

எட்டாம் நாள் பாட்டில் கழுவாமல் வந்தது. அளந்தபோது ஒன்பது மில்லி. ஒரு மில்லி கரண்டியில் வழிந்திருக்கலாம், அதையும் எழுதிக்கொண்டாள்.

காது மருத்துவமனையிலிருந்து மே 6 அன்று வந்த கடிதம், ஓட்டை அப்படியே இருக்கிறது என்றது. ஜூலை 22 அன்று வந்தது, பாதி மூடியிருக்கிறது என்றது. மூன்றாவது கடிதம்தான் கடைசி: செவிப்பறை மூடிவிட்டது, இரண்டு காதும் வயதுக்கேற்பக் கேட்கின்றன, இனி வரத் தேவையில்லை. அது வந்து சேர்ந்தது நவம்பர் 14.